மை வைத்த பக்கம்

எங்கள் ஆஸ்பத்திரி லாப்பில் ஒரு பாய் வேலை பார்த்தார். பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது.

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஒன்று கேட்பார். "எது மேல் பக்கம்?"

பாசாரில் மீன் வாங்கினாலும் கேட்பார், ஐஸில் எந்தப் பக்கம் படுத்திருந்தது என்று. மீன்காரன் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பாய், உயிரோட இருந்தப்ப முதுகு மேல, வயிறு கீழ. செத்தப்புறம் எல்லாப் பக்கமும் ஒன்னுதான். வாங்குறீங்களா இல்லையா?" என்றான். பாய் கோபப்படவில்லை. மீனைப் புரட்டினார். செதில் அமுங்கிப்போன பக்கத்தைக் காட்டினார். "இது கீழ கிடந்த பக்கம். ரெண்டு நாளா கிடக்குது." மீன்காரன் அடுத்த ஆளிடம் பேச ஆரம்பித்துவிட்டான்.

ஆஸ்பத்திரி லாப்பில் நான் பாட்டில் கழுவினேன். கண்ணாடி துடைத்தேன். மெழுகு உருக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வரை போனவனுக்கு அது நல்ல வேலை. பாய்க்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. இங்கிலீஷ் படித்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் வீடு காஜா பெராங் தெருவில். எனக்கு வாடகைப் பலகை வீடு. அவருக்கு அவர் வாப்பாவின் மசாலைக் கடை மாடி. காலையில் இரண்டு சைக்கிளும் சேர்ந்தே போகும்.

அவர் வாப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. "கடையில மஞ்சள் இருக்கு, மிளகு இருக்கு, சீரகம் இருக்கு. இவன் என்னடான்னா மனுஷச் சதையை மெழுகுல போட்டு அறுக்குறான்" என்று சாமான் வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். பாய் கேட்டுக்கொண்டே மூட்டைகளை நிமிர்த்தி வைப்பார், எழுத்து மேலே வரும்படி.

அவர் வேலை இதுதான். ஆபரேஷன் அறையிலிருந்து சதைத் துண்டு பாட்டிலில் வரும். மருந்தில் ஊறும். ஸ்பிரிட்டில் ஊறும். பிறகு உருகிய மெழுகில் கிடக்கும். அதை எடுத்துப் பித்தளை அச்சில் வைத்து மேலே மெழுகு ஊற்றுவார். ஆறினால் சின்னச் சவுக்காரக் கட்டி மாதிரி ஆகிவிடும். அதை மெஷினில் மாட்டி அறுப்பார். வெங்காயச் சருகைவிட மெல்லிசாக வரும். கண்ணாடியில் ஒட்டி, நீலமும் சிவப்பும் ஏற்றி, லாப் டாக்டர் மேசையில் வைப்பார். லாப் டாக்டர் வெள்ளைக்காரர். மைக்ராஸ்கோப்பில் பார்த்து நல்லதா கெட்டதா என்று எழுதுவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் மாடியில் ஆபரேஷன் டாக்டர் கத்தியை எடுப்பார்.

துண்டு வந்ததும் பாய் அதன் தோல் பக்கத்தில் கறுப்பு மையில் ஒரு பொட்டு வைப்பார். அதுதான் மேல் பக்கம். மை வைக்காமல் எதையும் தொட மாட்டார்.

ஒரு தடவை ஆபரேஷன் டாக்டர் ஒரு கட்டியை அப்படியே பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டார். தோலும் இல்லை, ஒன்றும் இல்லை. உருண்டையாகக் கிடந்தது. பாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நின்றார். இரண்டு மணி நேரம். டாக்டர் வெளியே வந்ததும் பாட்டிலை நீட்டி, எது மேல் பக்கம் என்று கேட்டார். டாக்டர் கத்திய சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. பாய் நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் டாக்டர் விரலால் காட்டினார். அதற்குப் பிறகு மாடியிலிருந்து வந்த ஒவ்வொரு கட்டியிலும் மேல் பக்கத்தில் ஒரு நூல் முடிச்சு இருந்தது.

பெயர் விஷயம் சொன்னேன். பாட்டிலோடு ஒரு தாள் வரும். மேலே நோயாளி பெயர், கீழே நம்பர். வருவது பாதிக்கு மேல் பெண்களின் துண்டு. மார்பில் வந்த கட்டி, கர்ப்பப்பையில் வந்த கட்டி. பாய் தாளை வாங்கும்போதே பெயர் உள்ளே போகும்படி மடித்துவிடுவார்.

"ஏன் பாய்?"

"நாளைக்கு ரோட்டுல பார்ப்போம்லண்ணே. பேர் தெரிஞ்சா எப்படி மூஞ்சியைப் பார்க்கிறது? நம்பர் போதும்."

அப்படியும் அவர் எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்ததில்லை. நர்ஸ் மிஸ்ஸிகள் இதை வைத்து அவரைப் படாதபாடு படுத்துவார்கள். "பாய், நான் யாரு சொல்லுங்க?" என்று ஒருத்தி எதிரே வந்து நிற்பாள். அவர் அவள் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்து யார் என்று சரியாகச் சொல்வார்.

அலமாரியில் ஒரு சுருட்டுப் பெட்டி இருந்தது. அதில் கண்ணாடிகள். அபூர்வமாக வருகிற, கெடுதல் செய்யாத கட்டிகளின் கண்ணாடிகளை லாப் டாக்டர் அதில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். கிளேபாங்கில் ஒரு சின்னப் பெண்ணுக்கு மார்பில் சாத்துக்குடி அளவு கட்டி வந்தது. ஊரே கெட்டது என்றது. அறுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதுவும் அந்தப் பெட்டியில் இருந்தது.

"நிறையக் கட்டி ஒன்னும் செய்யாதுண்ணே" என்பார் பாய். "கெட்டது மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வரும். எது வேஷம்னு பார்க்கத்தானே நம்மளை வச்சிருக்காங்க."

மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமானபோது காஜா பெராங்கில் கடைக்குக் கடை கொடி. கொடி புதுசு. யாருக்கும் பழக்கம் இல்லை. பல கடைகளில் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். நீலமும் பிறையும் கீழே தொங்கின. பாய் காலையிலேயே ஏணியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஏணியைப் பிடிக்கணும்."

பிடித்தேன். கோப்பிக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, வெளியே வந்து மலாயில் கேட்டார், நீ கவர்மெண்டா என்று.

"இல்ல. ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரிக்கும் கொடிக்கும் என்ன?"

"எது மேலன்னு பார்க்கிறது என் வேலை" என்றார் பாய் ஏணி மேலிருந்து. தவுக்கே சிரித்துவிட்டு இரண்டு கோப்பி கொண்டுவரச் சொன்னார்.

செட்டிக் கம்பத்து முனையில் ஒரு பெரியவர் வீட்டிலும் அப்படியே. நம்ம ஆட்கள்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "சாமா சாஜாலா, பாய்" என்றார். எல்லாம் ஒன்றுதான் என்று அர்த்தம். பாய் மலாயிலேயே திருப்பிக் கேட்டார், "அப்ப சாரோங்கைத் தலையில கட்டிக்கிட்டு, தொப்பியை இடுப்புல கட்டிக்கிட்டு வாங்க, பார்ப்போம்." உள்ளே இருந்து அவர் மனைவி சிரித்தது தெருவுக்குக் கேட்டது. பெரியவர் எழுந்து வந்து கொடியைத் தானே அவிழ்த்தார்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்க நீலம் மேலே வந்துவிட்டது. அன்றைக்கு இருந்த மாதிரி பாய் முகம் தெளிவாக இருந்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷமே என் வீட்டில் அது வந்தது.

பாக்கியம் என் மனைவி. நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டிருந்தாள். நான் பார்த்தேன். நாலு ரவிக்கை. நாலிலும் வலது பக்கம், ஒரே இடத்தில், பழுப்பாகக் கறை. கறை பார்ப்பது என் வேலை.

"என்னா இது?"

"கொழம்பு."

"நாலுலயும் ஒரே இடத்துலயா?"

அவள் நாலையும் இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். பாக்கியம் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது.

ஒரு வருஷமாக இருந்திருக்கிறது. காம்பின் நுனி சிவந்து புண்ணாகி, பொருக்குத் தட்டும். பொருக்கு விழும். நீர் கசியும். மறுபடி தட்டும். தொட்டால் உள்ளே மிளகு மாதிரி ஒன்று. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்திருக்கிறாள். "ரெண்டு பிள்ளையும் பெரிசாயிடுச்சு. இனிமே இது யாருக்கு வேணும்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷன் டாக்டர் பார்த்தார். அழுத்தினார். மிஸ்ஸியிடம் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். மிஸ்ஸி எங்களுக்குக் கொஞ்சமாகச் சொன்னாள். காம்பில் ஆறாத புண் வந்தால் பெரும்பாலும் உள்ளே புற்று இருக்கும். அப்படியென்றால் மார்பை முழுசாக எடுக்க வேண்டும். முதலில் ஒரு துண்டு வெட்டி லாப்புக்கு அனுப்புவார்கள்.

பாக்கியம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "ஒன்னை எடுத்துட்டா ரவிக்கைத் துணி மிச்சம்தான்" என்றாள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"சிரிங்கலா, ரெண்டு பேரும்" என்றாள் பாக்கியம். அப்புறம் அழுதாள்.

புதன்கிழமை பாட்டில் வந்தது. நான்தான் வாங்கினேன். நம்பரை மிஸ்ஸி எனக்குச் சொல்லியிருந்தாள். பாய் தாளை மடித்தார். துண்டை எடுத்து ஈரம் ஒற்றி மை வைத்தார். பாதி அவரை விதை அளவுதான் இருக்கும். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை துண்டுகள் மெழுகுக்கு வந்துவிட்டன. பாய் காலையில் ஐந்தை அச்சில் வைத்தார். மூன்றை அடுப்பில் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார். அந்த மூன்றில் ஒன்று அது.

மணி ஒன்று ஆனது. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வந்து, வைத்து, ஆறி, அறுத்து முடிக்க நேரம் போதாது. சனிக்கிழமை அரை நாள். தவறினால் திங்கள். இப்போதே வைத்துவிட்டால் சாயங்காலம் அறுக்கலாம். காலையில் டாக்டர் பார்த்துவிடுவார்.

ஆறு வருஷம் அவர் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். குனிந்து வைக்கும்போது அவர் கை அச்சை மறைத்துவிடும். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கை கழுவினேன். அச்சு எடுத்தேன். இடுக்கியில் துண்டை எடுத்தேன். மைப் பொட்டு தெரிந்தது. அச்சின் அடிப்பக்கம்தான் பிறகு கத்திக்கு நேரே வரும். மேல் பக்கத்திலிருந்துதானே அறுக்க வேண்டும் என்று நினைத்தேன். மையைக் கீழே வைத்துப் படுக்கப்போட்டேன். பதியும்படி அழுத்தினேன். மெழுகு ஊற்றினேன். ஆறியதும் எடுத்து நம்பர் ஒட்டி, காலையில் வைத்த ஐந்தோடு சேர்த்து வைத்தேன்.

பாய் வந்தார். அடுப்பைத் திறந்து பார்த்தார்.

"அண்ணே, மூனு விட்டுட்டுப் போனேன்ல?"

நான் ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தேன். அவர் ஆறின கட்டிகளைப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார்.

"இதைக் காலையிலயே வச்சுட்டேனா?"

"ஆமா" என்றேன்.

அவர் நம்பினார். மெஷினில் மாட்டினார்.

சனிக்கிழமை லாப் டாக்டர் பார்த்தார். எழுதினார். திங்கட்கிழமை மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கெட்டது மாதிரிதான் இருக்கிறதாம். புதன்கிழமை ஆபரேஷன். முழுசாக எடுத்துவிடுவார்கள். சாயங்காலம் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் பெரிய மகளைக் கூப்பிட்டு அரிசி எங்கே, பருப்பு எங்கே, ஊறுகாய் ஜாடி எங்கே என்று காட்ட ஆரம்பித்தாள்.

என் கையால் ஏதோ ஆகியிருக்கும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. எழுதியது டாக்டர். படித்தவர்.

பாய்க்குத்தான் சரியில்லை. அந்தக் கண்ணாடியை எடுப்பார். வெளிச்சத்தில் பிடிப்பார். வைப்பார். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். மறுபடி எடுப்பார். செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தார். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"அண்ணே, மை ஓரத்துல இருக்கணும். இதுல நடுவுல கிடக்குது. நான் இப்படி வைக்க மாட்டேன். ஆனா நான்தான் வச்சிருக்கேன். எனக்கு வச்ச ஞாபகமே இல்ல."

நான் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"யாரோ ஒரு அம்மா. நாளைக்கு எடுக்கப்போறாங்க. நான் டாக்டர்கிட்டப் போயி சொல்லிடுறேன், என் கை தப்பிடுச்சுன்னு. இனிமே அச்சுல வைக்கிற வேலை எனக்கு வேணாம். வாப்பா சொன்ன மாதிரி கடைக்கே போயிடுறேன். மிளகுக்கு மேல் பக்கம் கிடையாது."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு டாக்டர் அறைப் பக்கம் திரும்பினார்.

"பாய்" என்றேன். "வச்சது நான்."

அவர் நின்றார்.

"நீங்க தொழப் போனப்ப. அவசரம். அது என் வீட்டுக்காரி."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்து அதை மூடினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்று இருந்தது. அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"எந்தப் பக்கம் வச்சீங்க?"

"மை கீழ. கத்திக்கு நேரா. படுக்கப்போட்டேன்."

"கத்திக்கு நேராவா?"

"ஆமா. மேல் பக்கத்துலேருந்து அறுக்கணும்னு."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எழுந்தார். முகம் பழையபடி ஆகிவிட்டது, ஏணி மேல் நின்றபோது இருந்த மாதிரி.

"அப்ப டாக்டர் பார்த்தது தோலோடு சீவின சீவல்ணே. கூவே லாப்பிஸ் பலகாரம் தின்னுருக்கீங்கல்ல? சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளைன்னு அடுக்கு. மேலேருந்து நேரா வெட்டினா எல்லா அடுக்கும் தெரியும். மேல் தோலை மட்டும் படுக்கையாச் சீவினா? வெறும் சிவப்பு. அதுவும் கண்டபடி பிஞ்சு வரும். அதை வச்சு உள்ள என்னான்னு எப்படிச் சொல்றது? நிமிர்த்தி வைக்கணும். மை ஒரு பக்கமா வரணும்." என் கையைப் பிடித்தார். "வாங்க. நீங்களே சொல்லுங்க."

லாப் டாக்டருக்கு மலாய் தெரியும். "சாயா சாலா, துவான்" என்றேன். தப்பு என்னுடையது என்று. நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். டாக்டர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. பாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், மெழுகில் இன்னும் சதை மிச்சம் இருக்கிறதா என்று.

"நிறைய இருக்கு" என்றார் பாய்.

டாக்டர் மாடிக்கு போன் செய்தார். ஆபரேஷன் டாக்டர் தானே இறங்கி வந்தார். கோபமாகத்தான் வந்தார். பாயைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நூல் முடிச்சு ஞாபகம் வந்ததோ என்னவோ. நாளைக்குப் பத்து மணி வரை பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் மெழுகுக் கட்டியைத் திரும்ப உருக்கினார். துண்டை எடுத்தார். நிமிர்த்தி, விளிம்பில் நிற்கும்படி அச்சில் வைத்தார். அன்றைக்கு அவர் கை மறைக்கவில்லை. நான் பார்க்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டே வைத்தார். அறுத்தார். கொஞ்சம் உள்ளே போய் மறுபடி அறுத்தார். இன்னும் உள்ளே போய் மறுபடி. பன்னிரண்டு கண்ணாடி ஆனது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நிறம் ஏறி, மேசையில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மை ஓரத்தில்.

லாப் டாக்டர் பார்த்தார். பைப் அணைந்துபோனது. திரும்பப் பற்றவைக்கவில்லை. ஒரு தடவை எழுந்துபோய், கப்பலில் புதிதாக வந்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்து வந்து விரித்து வைத்தார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பாயைக் கூப்பிட்டார். பாய் பார்த்தார். பிறகு டாக்டர் என்னையும் விரலால் கூப்பிட்டார்.

முதல் தடவையாக மைக்ராஸ்கோப் குழாயில் கண் வைத்தேன். கிண்ணத்தில் ஜவ்வரிசி நிரப்பின மாதிரி உருண்டை உருண்டையாக நெருக்கமாக இருந்தது. கிண்ணத்து விளிம்பு சுத்தமாகத் தெரிந்தது. எதுவும் வெளியே சிந்தவில்லை. டாக்டர் சொல்லச் சொல்லப் பாய் தமிழில் சொன்னார்.

"ஒவ்வொரு உருண்டையைச் சுத்தியும் ரெண்டு வரிசை பாருங்கண்ணே, மணி கோத்த மாதிரி. கெட்டதா இருந்தா ஒரு வரிசைதான் இருக்கும். விளிம்பு இருக்காது. கண்ட பக்கம் ஓடும். இது ஓடல. பால் வர்ற குழாய்க்குள்ளேயே வளர்ந்து மேல தோல் வரைக்கும் வந்திருக்கு. அதான் புண்ணு. கெட்டது மாதிரியே வேஷம். டாக்டர் இதைப் புத்தகத்துலதான் படிச்சிருக்காராம். இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கிறாராம்."

டாக்டர் முன்னால் எழுதினதை ஒரே கோடாக அடித்தார். புதிதாக எழுதினார். மார்பை எடுக்க வேண்டாம். அந்த மிளகு போனால் போதும்.

மாடிக்கு நானே போனேன். பாக்கியம் ஆஸ்பத்திரி உடுப்புப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

"நெசமாவா?"

"நெசம்."

"அப்ப ஏன் முந்தாநேத்து வேற மாதிரி சொன்னாங்க?"

"நான் தப்பா வச்சுட்டேன். பாய் கேட்டாரு. அவருதான் வச்சாருன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுறீங்க" என்றாள். "அதுல ஒன்னு பொய்யா?"

நான் அவள் கட்டில் போர்வையை மடித்து வைத்தேன்.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. பாய் டாக்டரிடம் போய் நின்றாராம், கதவுக்கு வெளியே, எவ்வளவு நேரமோ. மிஸ்ஸி சொன்னாள். அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பாய்க்குப் பாக்கியத்தைக் கண்டால் கூச்சம். பாசாரில் தூரத்தில் அவள் சேலை தெரிந்தாலே சைக்கிளைத் திருப்பிவிடுவார். நம்பராக இருந்தவள் ஆளாகிவிட்டாள். "உங்க பாய் என்னைப் பார்த்தா போலீசைப் பார்த்த மாதிரி ஓடுறாரு" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அடுத்த தீபாவளிக்கு நான் அவரை விடவில்லை. மரக்கறிச் சாப்பாடுதான், இறைச்சி இல்லை, வாருங்கள் என்று சைக்கிளைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

பாக்கியம் இலை போட்டாள். வேண்டுமென்றே முதுகுப் பக்கம் மேலே வரும்படி போட்டாள். போட்டுவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பாய் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது.

"அண்ணே..."

"என்ன பாய்?"

"இல்ல... இலை..."

"இலைக்கு என்னாவாம்? கேளுங்க!" என்றாள் பாக்கியம் உள்ளேயிருந்து.

பாய் ஒரு விரலால் இலையை மெதுவாகப் புரட்டினார். பளபளப்புப் பக்கம் மேலே வந்தது. அடுப்படியில் அவளும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வாசலில் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவங்க நல்லா இருக்காங்களாண்ணே?"

நான் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரெண்டும் பத்திரமா இருக்குன்னு சொல்லுங்க!"

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்போதுதான் கவனித்தேன். இடது செருப்பு வலது காலில் இருந்தது.

பிறகு அவர் கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனார். நான் பாட்டில் கழுவிக்கொண்டே வயசாகி வேலையை விட்டேன். பாக்கியம் இந்த வருஷமும் தீபாவளிக்கு இலை போட்டாள், சரியாக.

ஒன்று சொல்லாமல் விட்டேன். தப்பு நடந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

பாய் தொழுகைக்குக் கிளம்பினார். மெழுகு அடுப்பில் இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. தொப்பியை வைத்துக்கொண்டே சொன்னார். "அண்ணே, அந்த ரெண்டையும் வச்சிடுங்க." நான் ஏதாவது சொல்வேனோ என்று நிற்கவில்லை. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. போய்விட்டார்.

இரண்டும் யாருடையதோ. தாள் மடித்தபடி இருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. கை கழுவினேன். நிமிர்த்தி வைத்தேன். மெழுகு ஊற்றினேன். ஊற்றி ஆறிவிட்டால் வெள்ளையாகிவிடும். உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியேயிருந்து யாருக்கும் தெரியாது. வைத்தவன் சொன்னால்தான் உண்டு.

அவர் வந்தார். கட்டியைக் கையில் எடுத்தார்.

"எது மேல் பக்கம்?"

"நிமிர்த்தி வச்சிருக்கேன். மை உங்க இடது கைப் பக்கம்."

போன வாரமும் இதே இடத்தில்தான் நின்று நான் ஒரு பதில் சொன்னேன். அவருக்கு அது மறந்திருக்காது. கட்டியை உருக்கிப் பார்த்திருக்கலாம். அரை மணி நேரம்தான் ஆகும்.

மெஷினில் மாட்டினார். சக்கரத்தைச் சுற்றினார். முதல் சீவல் வந்து தண்ணீரில் விழுந்து விரிந்தது. இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அடுத்ததை அறுத்துக்கொண்டிருந்தார்.